சரிப்பா அக்காவின் காதில் இருந்தவன்

எங்கள் வேலை, மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றாலும், உள்ளே இருப்பவர் மணிப்படம் போட்ட பொத்தானை அழுத்துவார். அந்த அழைப்பு எங்கள் காதில் வந்து விழும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரைப் பேச்சிலேயே பிடித்து வைக்க வேண்டும். சிலர் அழுவார்கள். சிலர் கதவைப் பிளக்கப் பார்ப்பார்கள். சிலர் லிஃப்டைச் செய்தவனில் ஆரம்பித்து எங்கள் பரம்பரை வரை திட்டித் தீர்ப்பார்கள். நான் இந்த நாற்காலியில் பழம் தின்று கொட்டை போட்டவள். எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை; திட்டு வாங்கி வாங்கித்தான் கற்றேன். அதனால், சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

பக்கத்து நாற்காலிக்கு அக்கா வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை ஒரு நாள்கூட வேலைக்குப் போனவளில்லை. எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"லிஃப்ட்ல" என்றாள்.

"அது எல்லாரும் அப்படித்தான் வர்றோம். வேலைக்கு எப்படி வந்தீங்க?"

"அதைத்தாம்மா சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.

கணவர் இருந்தவரை வெளி மனிதர்களிடம் அவர்தான் பேசினார். அவர் போனபின் அக்கா அண்ணன் வீட்டுக்கு வந்தாள், அண்ணன் பேசினார். அண்ணன் கெட்டவரில்லை. தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவர். டாக்டரிடம் கூட்டிப்போவார். டாக்டர் அக்காவைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்பார். அண்ணன், "முழங்கால்ல டாக்டர்" என்பார். வலித்தது இடுப்பில். முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டு அக்கா மாதக்கணக்கில் நொண்டினாள்.

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"டாக்டர் முன்னாடி அண்ணனை எப்படிம்மா பொய்யாக்குறது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாய் இருந்தது, வாடகைக்கு விட்டிருந்தாள்.

ஒரு நாள் காலை குப்பைப் பையோடு கீழே இறங்கும்போது லிஃப்ட் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினாள். ஓர் இளம் குரல், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அக்கா பழக்கதோஷத்தில் அண்ணனைத் தேடித் திரும்பிப் பார்த்தாளாம். நாலு பக்கமும் தகடுதான். வேறு வழியில்லாமல் தானே பதில் சொன்னாள். அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் தானே சொன்னாள்.

"மெக்கானிக் வர்றதுக்குள்ள அந்தத் தம்பி எவ்வளவு கேட்டான் தெரியுமா? குப்பையில என்ன இருக்குன்னுகூடக் கேட்டான். ஒவ்வொண்ணுக்கும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான். அப்படி ஒருத்தர் என்கிட்ட பேசினதே இல்லம்மா."

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அக்காவுக்குத் துக்கமாகிவிட்டதாம். அவசர அவசரமாக, "தம்பி, உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டாள். "எடுக்கறாங்க அக்கா. முதல்ல வெளிய வாங்க" என்றது குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை நாங்கள் காதுக்காரன் என்போம். அக்காவுக்கு மகன் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். இந்த வேலையில் நன்றாகப் பேசியதால் பதவி உயர்ந்து கண்ணாடி அறைக்குள் போய்விட்டான். புதிதாகச் சேருபவர்களுக்கு மூன்று மாதம் அவன் துணை. அவர்கள் பேசும் அழைப்பில் அவனும் இருப்பான். அவன் சொல்வது நம் ஆள் காதில் மட்டும் கேட்கும், லிஃப்டுக்குள் இருப்பவருக்குக் கேட்காது. அலுவலகச் சுற்றறிக்கையில் இதற்கு வழிகாட்டி என்று பெரிய பெயர். நான் அழைப்பவர்களை அதட்டுகிறேன் என்று அவ்வப்போது புகார் வருவதால், மேனேஜர் மேடம் எனக்கும் ஒரு வழிகாட்டி போடட்டுமா என்று கேட்டார்.

"வழி தெரியாமலா மேடம் தினமும் ஆபீஸ் வந்து சேர்றேன்?" என்றேன்.

மூன்று மாதம் முடிந்ததும் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அழைப்பைக் கேட்பார். தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அக்காவின் வீட்டில் அதற்கும் ஏற்பாடு தயாராக இருந்தது. அண்ணனின் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. "மூணு மாசம் ஆசைக்குப் போயிட்டு வா" என்று அண்ணன் பெரிய மனது பண்ணி அனுப்பியிருந்தார்.

"இதுல தேறலைன்னா திரும்ப வீட்டுக்குள்ளதான்" என்றாள் அக்கா. "குழந்தையைப் பார்த்துக்கறதுல எனக்கொண்ணும் கஷ்டமில்ல. ஆனா அப்புறம் என்னை யாரும்மா கேள்வி கேட்பாங்க?"

இப்படி ஓர் ஆசையை நான் கேள்விப்பட்டதில்லை. என்னை யாரும் கேள்வி கேட்காமலிருந்தால் போதும் என்றுதான் நான் சாமி கும்பிடுவேன்.

முதல் வாரமே கூத்து. அலுவலகக் கட்டிடம் ஒன்றில், லிஃப்டில் தனியாக ஓர் ஆள். விளக்கும் அணைந்துவிட்டது. அக்கா நடுங்கிக்கொண்டே பேசுகிறாள். காதுக்காரன் அவள் காதில், எந்த மாடியில் ஏறினார் என்று கேளுங்கள் என்றிருக்கிறான் போல. அக்கா உடனே வாய்விட்டு, "சரிப்பா" என்றாள்.

"என்ன சரி? யாருகிட்ட பேசறீங்க?" என்றாராம் அந்த ஆள்.

அடுத்து காதுக்காரன், ஒன்றுமில்லை என்று சொல்லிச் சமாளியுங்கள் என்றிருக்க வேண்டும். அக்கா அதற்கும், "சரிப்பா" என்றாள்.

இருட்டுப் பெட்டிக்குள் தனியாக நிற்கும் மனிதரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். "மேடம், இங்க கேமரா இருக்கா? என் பக்கத்துல யாராச்சும் நிக்கிறாங்களா?" என்று கேட்டாராம். கதவைத் திறந்தபோது மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அன்றிலிருந்து அவள் சரிப்பா அக்கா ஆனாள். வெறும் வாயை மெல்லும் எங்கள் ஆட்களுக்கு ஒரு வாரத்துக்கு இது போதுமானதாக இருந்தது.

காதுக்காரன் கோபப்படவில்லை. கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, "அக்கா, எனக்குப் பதில் வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க, கண்ணாடி வழியா பார்த்துக்கறேன்" என்றான். அதன்பின் அக்கா பேசிக்கொண்டே கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவாள். சில சமயம் சிரிப்பாள். சில சமயம் கண் விரியும். ஒரு முறை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ மூக்கு வியர்த்தது. அப்படி என்னதான் சொல்கிறான்? என் இடது காதை என் அழைப்புக்குக் கொடுத்துவிட்டு வலது காதை அக்கா பக்கம் நீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு சத்தம் கேட்காது. இந்த உலகத்தில் என்னிடமிருந்து தப்பிய ஒரே இரகசியம் அதுவாகத்தான் இருக்கும்.

டீ இடைவேளையில் நேராகவே கேட்டேன்.

"எல்லாத்தையும் சொல்வான்மா. அவன் சொல்றான், நான் திருப்பிச் சொல்றேன்."

"அப்போ பேசறது நீங்க இல்ல, அவன்தான்" என்றேன். "வீட்டுக்காரர் போய் அண்ணன் வந்தாரு, அண்ணன் போய் இவன் வந்துட்டான். கிளிப்பிள்ளைதானே அக்கா நீங்க?"

என் நாக்குக்கு முள் இருக்கிறது என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டாள். அன்று மாலை கண்ணாடி அறைக்குள் போய் நின்று ஏதோ கேட்டாள். காதுக்காரன் பேனாவை வாயில் வைத்துக் கடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அக்காவின் பேச்சு மாறியது. மாறியது என்றால், கெட்டுப்போனது. திக்கினாள், நடுநடுவே நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இப்பல்லாம் சொல்ல மாட்டேங்கறான். கேட்கறான். 'என்ன நினைக்கறீங்க அக்கா?' 'அடுத்து என்ன கேட்கலாம்?' ஒரு பக்கம் லிஃப்ட்ல இருக்கறவர் கத்தறார், இன்னொரு பக்கம் இவன் கேள்வி கேட்கறான். மண்டை காயுதும்மா." அப்படிச் சொன்னவள் முகத்தில் சிரிப்பு. "நீ சொன்னதை அப்படியே அவன்கிட்ட கேட்டேன். நான் கிளிப்பிள்ளையான்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'தப்பு என் மேலதான் அக்கா. எனக்குச் சொல்றது சுலபம், அதான் சொல்லிட்டே இருந்துட்டேன்'னான்."

என் வாய் ஒரு நாளாவது உருப்படியான வேலை செய்திருக்கிறது. ஆனால் எனக்குப் புரியவில்லை. பதில் தெரிந்தவன் எதற்காகக் கேள்வி கேட்கிறான்? லிஃப்டில் இருப்பவர் மூச்சு முட்டிக்கொண்டிருக்க, இவன் பாடம் நடத்துவானா? கேட்டால், ஆபத்தான அழைப்பு என்றால் அவனே உள்ளே புகுந்து பேசிவிடுவானாம். மற்றவற்றில் மட்டும்தான் இந்த விளையாட்டாம்.

இரண்டாவது மாதக் கடைசியில் அது நடந்தது. கடைத்தொகுதி ஒன்றில் கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டியிருந்தாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று அழுதுகொண்டே கேட்கிறாளாம். அக்கா தலையை ஆட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். பிறகு கண்ணாடி அறையைப் பார்த்து, சத்தமாக, "இல்லப்பா" என்றாள்.

நான் என் அழைப்பை மறந்து திரும்பினேன். அந்தப் பெண், "என்ன இல்ல? ஆள் வரலையா?" என்று அலறியிருக்க வேண்டும், அக்கா அவளைச் சமாதானப்படுத்தினாள். "இல்லம்மா, ஆள் கிளம்பிட்டார். ஆனா வழியில ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. சுத்தித்தான் வரணும், நேரமாகும். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். குழந்தை பேர் என்ன?"

பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறான் காதுக்காரன். ஆனால் சற்றுமுன்தான் அந்தப் பக்கம் போன மெக்கானிக் சாலையைப் பற்றிப் புலம்பியதை அக்கா கேட்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் காதுக்காரன் எழுந்து நின்று, சத்தம் வராமல் கை தட்டிக்கொண்டிருந்தான். தான் சொன்னது தப்பு என்றதற்குக் கை தட்டும் பயலை நான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும்.

சோதனை நாள் வந்தது. அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேடம் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினார். காதுக்காரன் தன் அறையில், வழக்கம்போல் அழைப்பில். அன்று சாயங்காலம் அண்ணன் வந்து தங்கையைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அக்காவின் வேலை அன்றோடு முடிந்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அக்கா காதில் மாட்டுவதற்குமுன் என்னைப் பார்த்து, "பயமா இருக்கும்மா" என்றாள். நான், "கிளிப்பிள்ளைக்கு என்ன பயம்?" என்றேன். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த அழைப்பின் பதிவை மேடம் பிறகு எங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். காதுக்காரன் சொல்வது மட்டும் பதிவில் விழாது.

அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆண் குரல். "ரெண்டு பேர் இருக்கோம், நானும் என் வீட்டுக்காரியும். ஆளை அனுப்புங்க."

"கிளம்பிட்டாங்க சார். நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம், ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

திரையில் ஒரு கட்டம் வரும்: உள்ளே இருப்பவர்கள் நலமா? நானாக இருந்தால் டிக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அக்காவின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"அதான் சொன்னேனே, அவ நல்லா இருக்கா."

"அவங்ககிட்டயே கேட்டுக்கறேன் சார்."

"நான்தான் சொல்றேன்ல!" என்று கத்தினார் அவர்.

இந்த இடத்தில் அக்கா ஒரு நொடி கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "அம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

பதில் இல்லை. மேடம் அக்காவைப் பார்க்கிறார். நான் மேடத்தைப் பார்க்கிறேன். எனக்கானால் நாக்கு துடிக்கிறது. அக்கா அசையவில்லை. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பெண் குரல்.

"காலையிலேர்ந்து நெஞ்சுல ஒரு மாதிரி அழுத்துதுங்க. இடது கை மரத்துக் கிடக்கு. இவர்கிட்ட சொல்லல. சொன்னா பதறுவாரு."

"என்னது? எப்பலேர்ந்து?" என்றார் கணவர். அத்தனை பெரிய குரல் உடைந்துபோனது.

அக்கா அந்த அம்மாவைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். பேசிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கான பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் அழ ஆரம்பித்துவிட்டார். "சார், அவங்க கையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள் அக்கா. "நீங்க பேச வேண்டாம். அவங்க பேசட்டும்." கதவு திறக்கும்வரை அந்த அம்மா பேசினாள், அக்கா கேட்டாள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகப் பிறகு கணவரே போன் செய்து சொன்னார்.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். மேடம் அவள் தோளைத் தொட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். நான் தாங்கமாட்டாமல் கேட்டேன். "அந்த ஆள் கத்தினப்போ கண்ணாடிப் பக்கம் பார்த்தீங்களே, என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"யாருக்கு அக்கா காது குத்தறீங்க?"

"நிஜமாம்மா. வாயைத் திறக்கற சத்தம் கேட்டுது. மூச்சை இழுத்தான். அப்புறம் அந்த மூச்சை அப்படியே விட்டுட்டான்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவுதான். இருந்தான், சொல்லல."

நான் கண்ணாடி அறையைப் பார்த்தேன். காதுக்காரன் மேசையில் கவிழ்ந்து படுத்திருந்தான், ஓட்டப் பந்தயம் ஓடி முடித்தவன் மாதிரி. மூன்று மாதமாக அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளத் துடித்த எனக்கு, அன்றைக்கு அவன் எதைச் சொல்லாமல் விழுங்கினான் என்பதுதான் பெரிதாகப் பட்டது. அக்காவின் கணவரும் அண்ணனும் அவள் நல்லதுக்குத்தான் பேசினார்கள். அவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நல்ல சட்டை, கையில் குடை, தங்கைக்காக ஒரு பழப்பை. மேடம் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, அந்த நேரம் பார்த்து எனக்கு அங்கே இருந்த தண்ணீர்க் குழாயில் வேலை வந்துவிட்டது.

"வேலையில தொடர்ந்து இருக்கீங்களா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார் மேடம்.

"இல்லைங்க மேடம்" என்றார் அண்ணன். "நீங்க வாய்ப்புக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. இவளுக்கும் முன்ன மாதிரி முடியல, முழங்கால் வலி வேற..."

"இடுப்பு" என்றாள் அக்கா.

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"முழங்கால் இல்லண்ணா. எனக்கு இடுப்புலதான் வலி. எப்பவும் இடுப்புலதான்." அவள் நிறுத்தவில்லை. "மேடம், நான் நாளைக்குக் காலையில வர்றேன்."

அண்ணனுக்கு வேலை விஷயம் காதிலேயே ஏறவில்லை. "இடுப்பா? இத்தனை நாளா ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். பாவம், உண்மையாகவே பதறிப்போனார்.

"நீங்க கேட்கவே இல்லையேண்ணா."

அவர் பழப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவருக்கும் நிறுத்தத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது குழந்தையை அண்ணனே பார்த்துக்கொள்கிறார். அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. காதுக்காரன் அக்காவை விட்டுவிட்டு அடுத்து வந்த ஆளின் காதுக்குப் போய்விட்டான். ஆனால் டீ நேரத்தில் அவன்தான் அக்காவிடம் வந்து நிற்கிறான். அந்த அம்மாவைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியே இருக்காது என்று அவனே சொன்னான். என்ன கேட்கலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று இப்போது அவன் அக்காவிடம் கற்றுக்கொள்கிறான்.

போன வாரம் நான் மேடம் அறைக்குப் போனேன். எனக்கும் ஒரு வழிகாட்டி போடுங்கள் என்றேன். மேடம் மயங்கி விழாத குறை. யார் வேண்டும் என்றார். பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

முதல் அழைப்பு, ஒரு முன்கோபி. எடுத்த எடுப்பிலேயே, நீயெல்லாம் எதுக்கு அங்க உட்கார்ந்திருக்கே என்றார். எனக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. காதுக்குள் அக்காவின் குரல் மெதுவாக, "அவருக்கு என்ன பயம்னு தெரியுதாம்மா?" என்றது.

"சரிக்கா" என்றேன், வாய்விட்டு.

"யாருகிட்ட பேசறே?" என்றார் அந்த ஆள். குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

என் காதுக்குள் ஒரு மூச்சு இழுபட்டது. அக்கா இப்போது சொல்லிக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அந்த மூச்சு மெல்ல அடங்கியது. அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார், இந்தப் பக்கம் அக்கா காத்திருந்தாள். பேச வேண்டியவள் நான் ஒருத்திதான்.

"தனியாவா சார் இருக்கீங்க?" என்று கேட்டேன். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன்.